மூன்று வயதுக்காரிக்கு ஒரு கல்வெட்டு

இதை எழுத நான் பொருத்தமான ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லி, வாசிப்பவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். கோயிலில் கூட்டம் என்றால் செருப்புகள் கிடக்கிற வாசலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். வரலாறு படித்தவர்கள் எழுத வேண்டிய விசயம் இது. எழுதியும் இருப்பார்கள். ஆனால் இதில் ஒரு சின்னத் துண்டு என் கைக்குள் வந்து சேர்ந்தது. அதை மட்டும் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன். இதில் வருகிறவர்கள் இன்னும் அதே கட்டிடத்தில் இருக்கிறார்கள். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பதினேழு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு மாடியிலிருந்தும் வண்டியில் உடுப்பு வரும். தோய்ப்பதற்கு முன் எல்லாச் சட்டை, காற்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் ஒரேயொரு கடதாசிக் கைக்குட்டை நாற்பது பேரின் கறுப்பு உடுப்பை நாசமாக்கிவிடும். கட்டுப்பல், காதுக் கருவி, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் எடுத்திருக்கிறேன். புதிதாக யாராவது வந்தால் அவருடைய உடுப்பு முழுவதிலும் பெயர் ஒட்டுவதும் நான்தான். சின்ன இயந்திரம் ஒன்றில் வெள்ளைத் துணிப்பட்டியில் பெயரை அடித்து, சூட்டு அழுத்தியால் காலுறை வரைக்கும் ஒட்டிவிடுவேன். பெயர் இல்லாத உடுப்பைக் கண்டால் எனக்குப் பிடிப்பதில்லை. கொஞ்ச நாள் அலுமாரியில் கிடந்துவிட்டுக் கடைசியில் அது தரை துடைக்கப் போய்விடும்.

மூன்றாம் மாடியில் ஒரு கிழவர் இருந்தார். லேத் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இடது கையில் ஒரு விரல் பாதிதான். அவருடைய காற்சட்டைப் பையில் எப்போதும் உப்புப் பொட்டலங்கள் இருக்கும். சாப்பாட்டு மண்டபத்தில் மேசைக்கு மேசை வைத்திருப்பார்களே, அந்தச் சின்னக் கடதாசிப் பொட்டலங்கள். இரத்த அழுத்தத்துக்காக அவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் பொட்டலங்களை ஒரு உறையில் போட்டு, தோய்த்த உடுப்போடு மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாங்கள் கதைத்தது ஜெர்மனில். என் தமிழில்தான் எனக்கு எழுத வரும்.

"எறிஞ்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

"உங்கட சாமான். நான் ஏன் எறிய வேணும்?"

"மேல சொல்லிக் குடுக்கமாட்டீரோ?"

"எனக்கு உடுப்புத் தோய்க்கிறதுதான் வேலை."

"அப்ப நீர் இந்த வீட்டில ஒரு நல்ல மனிசன்" என்றார். "மற்ற எல்லாம் டொக்டர்மார்."

அவருடைய ஜெர்மன் எனக்குச் சுலபமாக விளங்கியது. சுவிஸ்காரரின் பேச்சு போல இருக்கவில்லை. தன்யூப் ஆற்றுப் பக்கத்துச் சமவெளியில், பிறகு யூகோஸ்லாவியாவான நாட்டில், தலைமுறை தலைமுறையாக இருந்த ஜெர்மன் விவசாயிகளின் பேச்சு அது. இங்கே தொழிற்சாலைக்கு வந்த புதிதில் கூட வேலை செய்தவர்கள் அதைப் பகிடி பண்ணினார்களாம். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது.

ஒவ்வொரு நவம்பரிலும் இல்லத்தில் இறந்தவர்களை நினைக்கிற ஒரு ஞாயிறு உண்டு. இருக்கிற ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஒருவரின் பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். அன்றைக்குப் பொறுப்பாளர் அந்தப் பெயர்களை வாசிப்பார். ஒரு பெயருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். பிறகு கோப்பியும் கேக்கும்.

அந்த வருடம் படிவங்கள் கொடுத்த கிழமை, அவருடைய காற்சட்டைப் பையில் உப்போடு நாலாக மடித்த தாளும் இருந்தது. தண்ணீர் படக்கூடாததா என்று பார்க்க விரித்தேன். ஒரு பெண் பிள்ளையின் பெயர். உறவு என்ற இடத்தில் தங்கை. வயது என்று படிவத்தில் கேள்வியே இல்லை; அவராக மூன்று என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, "போர் முடிந்த பிறகு, முகாமில், பசியால் இறந்தாள்" என்று ஒரு வரி. அந்த வரியை யாரோ பென்சிலால் வெட்டியிருந்தார்கள். பென்சில்தான். அழுத்தாமல், மரியாதையாக வெட்டியிருந்தது.

மேலே கொண்டுபோனேன். அவர் யன்னலுக்கு முன்னால் இருந்தார்.

"வாசிச்சீரோ?"

"மன்னிக்க வேணும். வாசிச்சிட்டன்."

"ஆர் வெட்டினது தெரியுமோ? பொறுப்பாளர் அம்மா. பெயரை மட்டும் வாசிப்பாவாம். மிச்சம் அரசியலாம்." பாதி விரலால் அந்த வரியைத் தட்டினார். "மூண்டு வயசு. இதில என்ன அரசியல்?"

கதவை மூடச் சொன்னார். பிறகு சொன்னார். அழவும் இல்லை, குரல் தளரவும் இல்லை. இயந்திரம் ஒன்றைக் கழற்றிக் காட்டுவதுபோல வரிசையாகச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரில் தகப்பன் ஜெர்மன் பட்டாளத்தில் இருந்தார். "அதை நான் மறைக்கிறதில்லை" என்றார். போர்முனை ஊரைக் கடந்து போனதும், ஊரைப் பிடித்த யூகோஸ்லாவியப் பார்ட்டிசான் படையினர் பேர் கூப்பிட்டு ஆண்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் அவருடைய தாயின் தகப்பன் ஒருவர், செருப்புத் தைக்கிறவர். ஊருக்கு வெளியே சோளக் காட்டுக்குப் பக்கத்தில் சுட்டார்கள். தாயை ரஷ்யாவுக்கு வேலைக்கு ஏற்றினார்கள். மிஞ்சின பிள்ளைகளையும் வயது போனவர்களையும் வேறொரு கிராமத்துக்கு நடத்திக்கொண்டு போய், வெறுமையான வீடுகளில் வைக்கோல் மேல் போட்டார்கள். அதுதான் முகாம். அவருக்கு ஆறு வயது. அவரும் தங்கையும் தாயின் அக்கா ஒருத்தியோடு இருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு அகப்பை சோளமாக் கூழ். அதில் உப்பு இல்லை. நாட்கணக்காக, மாதக்கணக்காக உப்பு இல்லை.

"தங்கச்சி பாண் கேட்டு அழேல்லை. உப்புத்தான் கேட்டவள்" என்றார்.

ஒரு நாள் இவர் காவலுக்குத் தெரியாமல் ஊர்ந்துபோய்ப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டைத் தட்டினார். அது சேர்பியக்காரரின் வீடு. அந்த வீட்டுக்காரி ஒரு துண்டுப் பாணைக் கொடுத்து, தொப்பிக்குள் கொஞ்சம் உப்பும் கொட்டிவிட்டாள். திரும்பி வருகிற வழியில் மழை. உப்புக் கரைந்துவிட்டது. தங்கை தொப்பியை நக்கினாள். அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தாள். வண்டியில் மற்றவர்களோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். குழி பெரிது. அடையாளத்துக்கு ஒரு தடியும் நடவில்லை.

 உறையை மேசையில் வைத்துவிட்டு, "போயிட்டு வாறன்" என்று கீழே வந்துவிட்டேன். என் சுபாவம் அப்படி.

வீட்டில் அலுமாரியைத் திறந்து என் அப்பாவின் கல்வெட்டை எடுத்தேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்போம். படம், பிறந்த இடம், வாழ்ந்த கதை, எப்படிக் காலமானார் என்பது, தேவாரங்கள். அதைத்தான் கல்வெட்டு என்போம். சாப்பாடு முடிந்து சனம் வெளிக்கிடும்போது வீட்டுக்காரர் வாசலில் நின்று ஆளுக்கு ஒன்று கொடுப்பார். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

அப்பாவின் அந்தியேட்டியை நான் இங்கேதான் செய்து, கல்வெட்டும் அடிப்பித்தேன். நூறு பிரதி, வழவழப்பான தாள். அதில் "சில காலம் நோய்வாய்ப்பட்டிருந்து இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதினேன். அது பொய். இலங்கையில் கடைசிப் போர் முடிந்து, இராணுவம் பிடித்த சனத்தை முள்ளுக்கம்பிக்குள் அடைத்து வைத்த முகாமில், கூடாரத்துக்குள், வயிற்றோட்டத்தோடு தண்ணீர் கிடைக்காமல் இறந்தார். போர் முடிந்த பிறகு. அக்கா அப்போது அதே முகாமுக்குள் இருந்தா. எழுதினால் அவவுக்கு ஏதும் நடக்கும் என்று பயந்தேன். அக்கா வெளியே வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நான் திருத்தவில்லை.

அடுத்த நாள் அதைக் கிழவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஏன் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். எழுதியிருப்பதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எங்க செத்தவர்?"

"முகாமில."

"என்ன நோய்?"

சொன்னேன்.

"பிறகேன் இப்பிடி எழுதினீர்?"

"அக்கா உள்ளுக்கை இருந்தவ."

"இப்ப எங்க?"

"கனடாவில."

"அங்க பனியோட மட்டும்தானே சண்டை. இப்ப ஆருக்குப் பயம்?"

எனக்கு முகம் சுட்டது. புத்தகத்தைத் திருப்பித் தந்தார். "உம்மட அப்பாவை ஆரும் பென்சிலால வெட்டேல்லை. நீரே வெட்டினீர்" என்றார்.

அந்த மனிதரில் எனக்குக் கோபம் வந்தது. வேலை முடியும்வரை அந்தக் கோபம் இருந்தது. உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே போக வந்தவன், திரும்பி மூன்றாம் மாடிக்குப் போனேன்.

"வாசிக்கத்தானே விடமாட்டினம்" என்றேன். "அடிச்சுக் குடுப்பம். எங்கட முறையில. எழுதித் தாங்கோ."

இரண்டு நாளில் எழுதித் தந்தார். நான் கணினியில் ஒரு விரலால் தட்டினேன். நாலு பக்கம். படம் இல்லை. அவளுக்குப் படமே இருந்ததில்லை. பிறந்த ஊர், தாய் தகப்பன், செருப்புத் தைக்கிற பாட்டன், அவள் கோழிகளுக்கு வைத்த பெயர்கள், அவளுடைய பிடிவாதம், முகாம், கூழ், தொப்பி. கடைசியில் அந்த வெட்டின வரி. தேவாரத்துக்குப் பதிலாக அவர்கள் ஊர்த் தாலாட்டில் அவருக்கு ஞாபகமிருந்த இரண்டு அடி.

மூன்றாம் மாடியில் பராமரிப்பு வேலை செய்கிற ஒருத்தி சேர்பியாவிலிருந்து வந்தவள். இத்தனை வருடத்தில் எனக்கு அங்கே சிநேகிதம் என்றால் அவள்தான். அவளிடம் மறைத்துச் செய்ய மனம் வரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டு மேசையில் போட்டாள்.

"உனக்கு விசரோ?"

"ஏன்?"

"ஏனோ? அந்தாளின்ர அப்பன்மார் எங்கட ஊரில என்ன செய்தவங்கள் தெரியுமோ? என்ர தாத்தாவைப் பள்ளிக்கூடத்துக்குள்ள வச்சு எரிச்சவங்கள். ஊரே போச்சு. அதை எழுது. அதை எழுதிப்போட்டு இதை எழுது."

 மேலே போய்க் கிழவரிடம் கேட்டேன்.

"அவள் சொல்லுறது உண்மை" என்றார். "ஆனால் என்ர தங்கச்சியின்ர புத்தகத்தில அது வராது. மூண்டு வயசுக்காரி ஆரையும் எரிக்கேல்லை. அவள் செத்ததைச் சொல்லுறதுக்கு முதல் நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கப் போறேல்லை."

அதையே அவளிடம் போய்ச் சொன்னேன். சொல்லிவிட்டு, "உன்ர தாத்தாவுக்கும் ஒண்டு அடிச்சுத் தாறன்" என்றும் சொன்னேன்.

"நீ என்ன, செத்த ஆக்களுக்குக் கடை திறக்கப் போறியோ?" என்றாள். சிரிக்கவில்லை.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சலவை அறைக்கு வந்தாள். கையில், அன்று மேசையில் போட்ட அதே தாள். முகாம் இருந்த கிராமத்தின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் வேறொரு பெயரை எழுதியிருந்தாள்.

"அவர் எழுதினது ஜெர்மன் பேர். இப்ப எந்த வரைபடத்திலையும் அது இல்லை. ஆராவது தேடிப் போறதெண்டால் இதுதான் பேர். எழுதுறதெண்டால் வடிவா எழுது" என்றாள். வாசலில் நின்று, "எனக்கு ஒண்டும் தரவேண்டாம். நான் எடுக்கமாட்டன்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அறுபது பிரதி எடுத்தேன். பெயர்ப்பட்டி இயந்திரத்தில் அந்தக் குழந்தையின் பெயரை அறுபது தடவை அடித்தேன். யாருடைய சட்டைக்கும் இல்லாத ஒரு பெயர் அதிலிருந்து நீளமாக வெளியே வந்தது. வெட்டி ஒவ்வொரு புத்தகத்தின் முகப்பிலும் ஒட்டினேன்.

வீட்டில் மனைவி தாள்களை மடித்து ஸ்டேப்பிளர் அடித்தா. முதலில் என்னை ஏசினா.

"இஞ்சேருங்கோ, ஒரு இடத்திலையும் வாய் திறவாத ஆள் நீங்கள். இதுக்கெண்டு துணிஞ்சனீங்களோ?"

"ஓம்."

"வேலை போனால்?"

"போனால் பாப்பம்."

என்னை ஒருமாதிரிப் பார்த்தா. கொஞ்ச நேரம் மடித்துக்கொண்டே இருந்தா. பிறகு கேட்டா: "வடை இல்லாமல் கல்வெட்டுக் குடுக்கிறது எந்த ஊர் வழக்கம்?"

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். மேசைவிரிப்பு விரிப்பது என் வேலை என்பதால் நான் அங்கே நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. புத்தகங்கள் உடுப்புக் கூடைக்குள், இரண்டு துவாய்க்குக் கீழே. வடை வேறொரு கூடையில். கிழவரைச் சக்கர நாற்காலியில் முன் வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது அந்தச் சேர்பியக்காரிதான். அவருடைய சட்டைக் கழுத்துப் பட்டியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பின்னால் போய்விட்டாள்.

பொறுப்பாளர் நல்ல குரலில் பெயர்களை வாசித்தார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. யாருடைய மனமும் நோகாமல் ஒரு பின்னேரத்தைக் கொண்டுபோக நினைத்தார். தங்கையின் பெயர் பதினோராவதாக வந்தது. பெயர் மட்டும். மெழுகுதிரி எரிந்தது. அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கிழவர் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எல்லாம் முடிந்து கோப்பிக்கு எழும்பியபோது, நான் கூடைகளைத் தூக்கிக்கொண்டு கோப்பி வைத்திருந்த பக்கத்து அறையின் வாசலில் போய் நின்றேன். அப்பாவின் அந்தியேட்டியில் நின்ற மாதிரியே. வலது கையால் புத்தகம், இடது கையைக் கீழே தாங்கிக்கொண்டு.  பாட்டுத் தாள் என்று நினைத்துத்தான் பலர் வாங்கினார்கள். எங்கள் ஆட்களைப் போலவே ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வடையையும் எடுத்தார்கள்.

இரண்டாம் மாடியில் காது கேளாத ஒரு அம்மா இருக்கிறார். எதைக் கையில் கொடுத்தாலும் சத்தமாக வாசிப்பார். மத்தியானச் சாப்பாட்டுப் பட்டியலைத் தினமும் முழு மண்டபத்துக்கும் வாசிக்கிறவர் அவர்தான். அன்றைக்கும் கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நான் அவரை நினைத்துச் செய்யவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

கோழிகளின் பெயர்களை வாசித்தபோது சிலர் சிரித்தார்கள். செருப்புத் தைக்கிறவரைக் கொண்டுபோனபோது கரண்டிச் சத்தம் குறைந்தது. தொப்பி வந்தது. பிறகு கடைசி வரி. "போர் முடிந்த பிறகு, முகாமில், பசியால் இறந்தாள்." அந்த அம்மா தன் குரல் எவ்வளவு பெரிது என்று அறியாதவர். அந்தச் சொற்கள் நடைபாதை வரைக்கும் போயிருக்கும். ஊரின் இரண்டு பெயர்களையும் வாசித்தார். புத்தகத்தை மூடிவிட்டு, "இது ஆர் செய்தது?" என்று அதே குரலில் கேட்டார்.

பொறுப்பாளரும் என்னைத்தான் பார்த்தார். எல்லோருமே பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன். வாய் ஒட்டவில்லை. "அது உண்மை. அதனால அடிச்சுக் குடுத்தன். என்ர அப்பாவும் அப்பிடித்தான், போர் முடிஞ்ச பிறகு ஒரு முகாமில செத்தவர். அவருக்கு நான் பொய் எழுதினனான். இவளுக்கு எழுதேல்லை."

அவ்வளவுதான் சொன்னேன். பொறுப்பாளர், "நாளைக்குக் கதைப்பம்" என்றார்.

கிழவர் கையை நீட்டி ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

"உப்பு இருக்கு" என்றார். இன்னொன்றை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

மேசைகளைத் துப்புரவாக்கும்போது எண்ணிப் பார்த்தேன். கூடையில் ஒரு புத்தகமும் மிஞ்சவில்லை. சேர்பியக்காரி எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

அடுத்த நாள் எனக்குக் காலை வேலை. பத்து மணிக்குப் பொறுப்பாளர் கூப்பிட்டு எழுத்து மூல எச்சரிக்கை ஒன்று தந்தார். அனுமதி இல்லாமல் தாள் விநியோகித்தது ஒன்று, பரிசோதிக்காத உணவு கொண்டுவந்தது மற்றொன்று என்று இருந்தது. கையெழுத்து வைத்தேன். மத்தியானம் மூன்றாம் மாடி உடுப்பு வந்தது. அவருடைய காற்சட்டைப் பையில் எண்ணெய் ஊறியிருந்தது. அதைத் தனியாக ஊறவைத்தேன்.